கிரான்பெர்ரி: குருதிநெல்லி

குமுளி கடைத்தெருவில் ஏலக்காய், மிளகு, கிராம்பு மூட்டைகளுக்கு நடுவே இப்போது உலர்பழங்களும் இடம்பிடித்துவிட்டன. அதில் அரக்குச் சிவப்பாக, சுருங்கி, எண்ணெய் தடவியதுபோல் மினுங்குவதுதான் கிரான்பெர்ரி. கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் மலையேறி வந்து வாங்குகிறவர்கள் இதைச் சிவப்பு திராட்சை என்பார்கள், செர்ரி என்பார்கள், களாக்காய் என்றும் சொல்வார்கள். மூன்றுமே வேறு பழங்கள்.

சொல் ஆங்கிலம் வழியாக வந்தது என்றாலும் வேர் வடஜெர்மனியின் தாழ்நிலப் பேச்சில் இருக்கிறது. அங்கே ‘கிரான்’ என்பது நாரை இனத்தை ஒத்த நெடுங்கால் பறவை, ‘பேரெ’ என்பது சிறுகனி. இந்தச் செடியின் பூவில் இதழ்கள் பின்னால் மடங்கிக்கொள்ள, நடுப்பகுதி கூராக முன்னே நீண்டு தலைகவிழ்ந்து நிற்கும். பறவையின் தலையும் அலகும் போலத் தெரிவதால் அந்தப் பெயர் என்று சொல்வார்கள். 17ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவில் குடியேறிய ஐரோப்பியர்கள் அங்கிருந்த பழத்துக்கும் அதையே வைத்தார்கள். தாவரப் பெயர் வாக்சினியம் மாக்ரோகார்பன். 1816இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கேப் காட் (Cape Cod) பகுதியில் ஹென்றி ஹால் என்பவர் அதைப் பயிராக்கத் தொடங்கினார். இன்று அமெரிக்க விளைச்சலில் பாதிக்கு மேல் விஸ்கான்சின் மாநிலத்தில்.

தமிழில் இதற்குக் ‘குருதிநெல்லி’ என்ற சொல் புழங்குகிறது. நிறத்தையும் புளிப்பையும் ஒரே மூச்சில் சொல்லிவிடும் நல்ல சொல், எனக்குப் பிடித்தது. ஆனால் நெல்லி என்றதும் வைட்டமின் சி நினைவுக்கு வருமே, அதை மட்டும் இங்கே எதிர்பார்க்கக் கூடாது. பச்சைப் பழத்தில் 100 கிராமுக்கு 14 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. உலர்த்தி இனிப்பூட்டியதில் கிட்டத்தட்ட ஒன்றுமே மிஞ்சுவதில்லை.

களா என்று சொல்வது தவறு. களா நம் மண்ணின் முட்புதர், காயைக் கிள்ளினால் பால் வடியும். புளிப்புக்கு ஆசைப்பட்டவர்கள் களாவையும் துடரியையும் தின்று சலித்து, நாவல்பழம் பறிக்கப் போன செய்தி புறநானூற்றிலேயே (177) உண்டு. களாக்காயைப் பாகில் ஊறவைத்துச் சாயமேற்றி ‘செர்ரி’ என்று கேக்கின் மேல் வைப்பதால்தான் இத்தனை குழப்பமும். அவ்வளவு பழைய பெயரை அடுத்த வீட்டுப் பழத்துக்குத் தூக்கிக் கொடுக்க வேண்டியதில்லை.

சரி, பொட்டலத்தில் இருப்பதை ‘உலர் குருதிநெல்லி’ என்றால் போதுமா? போதாது என்பேன். வெயிலில் காய்ந்த திராட்சை போன்றதல்ல இது. பழத்தை நறுக்கி, சாற்றின் பெரும்பகுதியைத் தனியே எடுத்துவிட்டு, சர்க்கரைப் பாகில் ஊறவைத்து, பிறகு உலர்த்துகிறார்கள். ஒட்டாமலிருக்கச் சூரியகாந்தி எண்ணெய் தெளிக்கிறார்கள். பச்சைப் பழத்தில் 100 கிராமுக்கு 4 கிராம் சர்க்கரை என்றால், இதில் 70 கிராமுக்கு மேல். கலோரி 46இலிருந்து 300ஐத் தாண்டுகிறது. நார்ச்சத்து 5 கிராம் உண்டு, அது நல்ல செய்திதான். நம்மிடம் ‘தேன்நெல்லி’ என்ற வழக்கு இருக்கிறதல்லவா? கேட்டதுமே அது இனிப்பில் ஊறியது என்று சின்னப் பிள்ளைக்கும் புரியும். அந்த வழியிலேயே ‘பாகுக் குருதிநெல்லி’ என்று எழுதினால் சர்க்கரை நோயாளி ஒருவர் கை நீட்டும் முன் ஒரு கணம் யோசிப்பார்.

“நீர்க்கடுப்புக்கு நல்லதாமே அண்ணே” என்று கேட்டுத்தான் பலரும் வாங்குகிறார்கள். அடிப்படை இல்லாத பேச்சல்ல. இப்பழத்திலுள்ள ஏ-வகை புரோஆந்தோசயனிடின்கள் என்ற வேதிப்பொருள்கள், ஈ.கோலை கிருமி சிறுநீர்ப்பையின் சுவரில் ஒட்டிக்கொள்வதைத் தடுக்கின்றன. அடிக்கடி சிறுநீர்த் தொற்று வரும் பெண்களுக்கு அது திரும்ப வருவதைக் குருதிநெல்லிச் சாறும் மாத்திரையும் குறைக்கின்றன என்று மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பின் 2023 தொகுப்பு சொல்கிறது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமும் 2020இல் சாற்றுக்கும் மாத்திரைக்கும் மட்டுமே, ஆதாரம் குறைவு என்ற குறிப்போடு, அப்படிச் சொல்ல அனுமதித்தது. உலர்ந்த பழத்தை அதில் சேர்க்கவில்லை. வந்துவிட்ட தொற்றைச் சாறோ மாத்திரையோ உலர்பழமோ குணமாக்காது. எரிச்சலோடு காய்ச்சலும் முதுகுவலியும் இருந்தால் மருத்துவரிடம் போவதுதான் முறை. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இதை வழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது.

தின்ன ஆசையென்றால் ஒரு சிறு கைப்பிடி, வறுத்த கடலையோடு கலந்து. ‘சர்க்கரை சேர்க்காதது’ என்று விலை கூட்டி விற்பதன் பின்பக்கத்தையும் பாருங்கள். பல பொட்டலங்களில் சர்க்கரைக்குப் பதில் ஆப்பிள் சாற்றுச் செறிவு இருக்கும், அதுவும் சர்க்கரைக் கணக்கில்தான் சேரும்.