விமானத்தின் முதுகைப் பார்த்தே ரேடாரைச் சொல்லிவிடலாம்

தரையில் இருக்கும் ரேடார் எத்தனை சக்தி வாய்ந்ததாக இருந்தாலும் பூமியின் வளைவைத் தாண்டி அதனால் பார்க்க முடியாது. 20 மீட்டர் உயரக் கோபுரத்தின் உச்சியில் ஆன்டெனாவை வைத்தால், 100 மீட்டர் உயரத்தில் பறந்து வரும் விமானம் ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவுக்குள் வந்த பிறகுதான் கண்ணில் படும். மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் வருகிற விமானம் அந்த இடைவெளியை 4 நிமிடத்தில் கடந்துவிடும். அதே ஆன்டெனாவை 9,000 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிச் சென்றால் பார்வை எல்லை 430 கிலோமீட்டராக விரிகிறது. கிட்டத்தட்ட அரை மணி நேர அவகாசம் கிடைக்கிறது.

இந்த அவகாசம் இல்லாததன் விலையை 1982 மே 4 அன்று பிரிட்டிஷ் கடற்படை உணர்ந்தது. ஃபாக்லாந்து போரில் அர்ஜென்டினாவின் சூப்பர் எத்தாந்தார் விமானங்கள் கடலை ஒட்டித் தாழப் பறந்து வந்து எக்ஸோசெட் ஏவுகணைகளை ஏவின. ஷெஃபீல்டு என்ற போர்க்கப்பல் தாக்கப்பட்டு 20 பேர் உயிரிழந்தனர். அந்தக் கப்பற்படையிடம் வானிலிருந்து கண்காணிக்கும் ரேடார் விமானம் ஒன்றுகூட இல்லை.

ஆனால் உயரத்தில் ஏறியதும் வேறொரு சிக்கல் முளைக்கிறது. மேலிருந்து கீழே பார்க்கும் ரேடாருக்கு மலை, மரம், அலை என எல்லாமே எதிரொலி அனுப்புகின்றன. அந்த இரைச்சலில் ஒரு விமானத்தின் எதிரொலி கரைந்துபோகும். இங்கே கைகொடுப்பது டாப்ளர் விளைவு. 10 சென்டிமீட்டர் அலைநீளம் என்றால் ரேடார் நொடிக்கு 300 கோடி அதிர்வுகளை அனுப்புகிறது என்று பொருள். நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் நெருங்கும் விமானத்தில் பட்டுத் திரும்பும்போது அந்த எண்ணிக்கை 4,000 கூடியிருக்கும். 300 கோடியில் 4,000! இந்த நுண்ணிய வித்தியாசத்தைப் பிடித்துத்தான் நகரும் பொருளை நகராத நிலத்திலிருந்து பிரிக்கிறார்கள். ரேடாரைச் சுமக்கும் விமானமும் ஓடிக்கொண்டிருப்பதால் முன்னால் உள்ள நிலம் நெருங்கி வருவதுபோலவும், பின்னால் உள்ளது விலகிப் போவதுபோலவும் தெரியும். அதையும் கழித்தாக வேண்டும். இந்தக் கணக்கு எவ்வளவு கடினமானது என்பதற்குப் பிரிட்டனின் நிம்ராட் ரேடார் விமானத் திட்டம் சாட்சி. மூக்கில் ஒன்றும் வாலில் ஒன்றுமாக ஆன்டெனா வைத்த அந்த விமானத்தின் ரேடாரும் கணினியும் தரை எதிரொலிகளில் திணறின. 1986 டிசம்பரில் திட்டம் கைவிடப்பட்டு, அமெரிக்காவின் ஈ-3 சென்ட்ரி ரேடார் விமானம் வாங்கப்பட்டது.

சென்ட்ரியின் முதுகில் சுழலும் தட்டின் விட்டம் 9.1 மீட்டர். நிமிடத்துக்கு 6 சுற்று. அதாவது ஒரே திசையை மறுபடி பார்க்க 10 நொடி. நொடிக்கு 300 மீட்டர் வேகத்தில் போகும் போர் விமானம் அதற்குள் 3 கி.மீ. நகர்ந்திருக்கும், திசையும் மாறியிருக்கலாம். சுற்றிலும் ஒரே சீராகப் பார்ப்பது சுழல்தட்டின் பலம். இந்தக் காத்திருப்பு அதன் பலவீனம்.

இதற்கு மாற்றாக வந்ததுதான் ஏசா எனப்படும் மின்னணு வரிசை ரேடார். நூற்றுக்கணக்கான சிறு அலைபரப்பிகளை ஒரு பலகையில் அடுக்கி, ஒவ்வொன்றும் அலையை வெளியிடும் கணத்தை இம்மியளவு முன்பின்னாக மாற்றினால், பலகை அசையாமலே, அலைகள் குவிந்து செல்லும் கற்றை திரும்புகிறது. சந்தேகத்துக்குரிய இலக்கை அடுத்த கணமே மீண்டும் பார்க்கலாம். சில அலைபரப்பிகள் பழுதானாலும் ரேடார் கண் மூடிவிடாது.

ஆனாலும் பலகைக்கு ஓர் இயற்கையான எல்லை உண்டு. ஒரு தட்டை நேராகப் பிடித்துப் பாருங்கள், முழு வட்டம் தெரியும். 60 டிகிரி திருப்பினால் அகலம் பாதியாகச் சுருங்கிவிடும். கற்றையைப் பக்கவாட்டில் சாய்க்கும்போது பலகைக்கும் இதுவே நேர்கிறது. ஆகவே ஒரு பலகை நன்றாகப் பார்க்கக்கூடியது பக்கத்துக்கு 60 வீதம் ஏறக்குறைய 120 டிகிரி. இந்த ஒரு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டால் பல விமானங்களின் உருவம் தானாகப் புரியும். இந்தியாவின் நேத்ரா, முதுகில் நீண்ட உத்தரம்போல ரேடாரைச் சுமக்கிறது: இருபுறமும் இரு பலகைகள், மொத்தம் 240 டிகிரி. ஸ்வீடனின் எரீஐ அதே வடிவத்தில் பக்கத்துக்கு 150 டிகிரி வரை பார்வையை நீட்டுகிறது. ஓரங்களில் பார்வை மங்குவதை அது ஏற்றுக்கொள்கிறது. இந்திய விமானப்படையின் பால்கன், பெரிய விமானமான இல்யூஷின்-76 மீது அசையாத தட்டுக்குள் மூன்று பலகைகளை முக்கோணமாக நிறுத்தி 360 டிகிரியையும் மூடிவிடுகிறது. போயிங் 737-ஐ அடிப்படையாகக் கொண்ட வெட்ஜ்டெயில், உத்தரத்தின் தலையில் தொப்பிபோல இன்னொரு ஆன்டெனாவைக் கவிழ்த்து, முன்னும் பின்னும் விடுபட்ட இடைவெளியை அந்தத் தொப்பியால் பார்க்கிறது. எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இதுதான். பெரிய தட்டின் காற்றுத்தடை இல்லாமலே முழுச்சுற்றும் கிடைக்கிறது.

அலைநீளத் தேர்வு தனிக்கதை. சென்ட்ரி, நேத்ரா, எரீஐ மூன்றும் 10 சென்டிமீட்டர் அளவிலான எஸ் அலைவரிசையைப் பயன்படுத்துகின்றன. பால்கனும் வெட்ஜ்டெயிலும் அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் நீளமான எல் அலைவரிசையில் இயங்குபவை. விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பும் அமெரிக்காவின் ஈ-2 ஹாக்ஐ மட்டும் சுமார் 70 சென்டிமீட்டர் கொண்ட யூஎச்எஃப் அலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆன்டெனா அகலம் ஒன்றாகவே இருந்தால், அலை ஏழு மடங்கு நீண்டதும் கற்றையும் ஏழு மடங்கு விரியும். எஸ் அலையில் 300 கி.மீ. தொலைவில் கற்றையின் அகலம் 5 கி.மீ. என்றால், யூஎச்எஃப்-இல் 35 கி.மீ. ஆகிவிடும். துல்லியத்தில் இது இழப்புதான். ஆனால் நீண்ட அலைக்குக் கடற்பரப்பின் இரைச்சல் குறைவு. ரேடாருக்குத் தப்பும்படி வடிவமைத்த விமானங்களின் வால், இறக்கை நுனி போன்ற பாகங்களின் அளவு அலைநீளத்தை நெருங்கும்போது, எதிரொலியைத் திசைதிருப்பும் அந்த வடிவத் தந்திரம் வலுவிழக்கிறது. கடலுக்கு மேல் காவல் காப்பவர்களுக்கு இது நல்ல பேரம் என்றே நினைக்கிறேன்.

நீண்ட அலைக்கு அகலமான ஆன்டெனா வேண்டும். கப்பல் தளத்தில் அடங்கும் சிறிய விமானத்தில் அப்படிப்பட்ட மூன்று பலகைகளுக்கு இடமில்லை. அதனால் புதிய ஹாக்ஐ-யான ஈ-2டி, 7.3 மீட்டர் சுழல்தட்டை விடவில்லை. அதற்குள் இருக்கும் ஆன்டெனாவை மட்டும் மின்னணு வரிசையாக மாற்றினார்கள். தட்டு சுழன்றுகொண்டே சுற்றிலும் பார்க்கும். ஒரு திசையில் சந்தேகம் எழுந்தால் தட்டை அங்கே நிறுத்திவிட்டு, கற்றையை மட்டும் அலையவிட்டு உற்றுப் பார்க்கும்.