5ஜி வந்த பிறகு ஃபைபர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு

அலைபேசிக் கோபுரங்களுக்கும் வீட்டு பிராட்பேண்ட் இணைப்புகளுக்கும் பாதை வகுத்து, செலவு கணக்கிட்டு, வலையமைப்பை அமைத்துத் தரும் தொழிலில் இருக்கிறேன். அண்மையில் சென்னையின் தென்பகுதியில் உள்ள பெரியதோர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நலச் சங்கம், வளாகத்துக்குள் ஃபைபர் எனப்படும் கண்ணாடி இழைக் கேபிளுக்குக் குழாய் பதிக்க அனுமதி கேட்ட விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியது. இனி எல்லாமே 5ஜி என்றும், தரையைத் தோண்டிக் கேபிள் போடுவது பழைய காலத்து வேலை என்றும் காரணம் எழுதியிருந்தார்கள். அதே கடிதத்தின் அடுத்த பத்தியில், தரைத்தள வீடுகளிலும் வாகன நிறுத்துமிடத்திலும் சிக்னல் கிடைப்பதில்லை, உடனே சரிசெய்து தர வேண்டும் என்ற கோரிக்கையும் இருந்தது. முதல் பத்தியில் மறுத்த கேபிள் இல்லாமல் இரண்டாம் பத்தியில் கேட்ட சிக்னலைத் தர முடியாது. இத்தகைய கடிதங்கள் கோவையிலிருந்தும் மதுரையிலிருந்தும் ஓசூரிலிருந்தும் வந்துகொண்டே இருக்கின்றன. எழுதுபவர்கள் பெரும்பாலும் நன்கு படித்தவர்கள்.

ஆகவே அடிப்படையிலிருந்தே சொல்கிறேன். உங்கள் கைப்பேசியிலிருந்து புறப்படும் தகவல் காற்றில் செல்வது, பெரும்பாலும் அருகிலுள்ள டவரின் ஆன்டெனா வரை மட்டுமே. அது சில நூறு மீட்டராக இருக்கலாம், கிராமப்புறமானால் சில கிலோமீட்டராக இருக்கலாம். அங்கிருந்து நிறுவனத்தின் மையத்துக்கும், அங்கிருந்து நீங்கள் பார்க்கும் காணொளி வைக்கப்பட்டிருக்கும் கணினிக்கும், வெளிநாட்டுக்கானால் கடலடிக் கேபிள் வழியாகவும் அது பெரும்பாலும் கண்ணாடி இழையில்தான் பயணம் செய்கிறது. வயர்லெஸ் என்று நாம் சொல்லும் சேவையில் வயர் இல்லாத பகுதி கடைசித் துண்டு மட்டுமே. அந்தத் துண்டின் வேகம் கூடக் கூட, அதற்குப் பின்னால் நிற்கும் வயரின் தேவையும் கூடுகிறது. 4ஜி தொடங்கிய நாட்களில் ஒரு டவருக்கு நொடிக்குச் சில நூறு மெகாபிட் போதுமாக இருந்தது. ஒரு டவரிலிருந்து அடுத்த டவருக்குக் காற்றுவழியே தகவல் அனுப்பும் மைக்ரோவேவ் தட்டு வைத்துச் சமாளித்தோம். 5ஜியில் 100 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையைப் பயன்படுத்தும் ஒரே ஒரு செக்டாரே, அதாவது டவரின் ஒரு திசைப் பகுதியே, ஒரு கிகாபிட்டைத் தாண்டித் தரக்கூடியது. ஒரு டவரில் பொதுவாக மூன்று செக்டார்கள் இருக்கும். பழைய மைக்ரோவேவ் தட்டு அந்தச் சுமையைத் தாங்காது. ஈ-பேண்ட் எனப்படும் 70, 80 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகள் தாங்கும். ஆனால் அவை ஓரிரு கிலோமீட்டருக்கே நம்பகமானவை, ஐப்பசி மழையில் அந்தத் தொலைவும் சுருங்கிவிடும். 5ஜி வந்ததனால் ஃபைபரின் தேவை பல மடங்கு கூடியிருக்கிறது. 2018-ஆம் ஆண்டின் தேசிய டிஜிட்டல் தகவல்தொடர்புக் கொள்கையே, அலைபேசி நிலையங்களில் குறைந்தது 60 விழுக்காட்டையாவது ஃபைபரால் இணைக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது.

வீட்டு மாடியில் பெட்டி வைத்துத் தரும் ஏர்ஃபைபர் சேவைகளைக் காட்டி, இதற்கு வயர் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. 2023-இல் அறிமுகமான அந்தச் சேவைகளும், ஃபைபர் வந்து சேர்ந்த டவரிலிருந்துதான் கிடைக்கின்றன. அதோடு, ஒரு டவரின் கொள்ளளவு அங்குள்ள எல்லோருக்கும் பொதுவானது. மாலையில் வீட்டுத் தொலைக்காட்சியில் 4கே தரத்தில் படம் பார்க்கும் ஒரு குடும்பம் இழுக்கும் தரவு, கைப்பேசி மட்டும் வைத்திருக்கும் ஒருவர் இழுப்பதைப் போலப் பல மடங்கு. டவரில் மிச்சம் இருக்கும்வரை நிறுவனம் அதை மகிழ்ச்சியோடு விற்கும். மிச்சம் தீர்ந்ததும் எல்லோருடைய வேகமும் ஒன்றாகக் குறையும். ஃபைபர் போக முடியாத இடங்களுக்கு அது நல்ல ஏற்பாடு என்பதில் எனக்கு ஐயமில்லை. முந்நூறு வீடுகள் ஒரே மதிலுக்குள் இருக்கும் வளாகத்துக்கு அதையே முழுத் தீர்வாக நினைப்பது பிழை.

இனி செலவுக்கு வருகிறேன், ஏனெனில் இந்தத் தவறான எண்ணத்தின் விலையைக் கடைசியில் சந்தாதாரர்தான் கொடுக்கிறார். கண்ணாடி இழை விலை உயர்ந்த பொருள் அல்ல. அதைப் பூமிக்குள் கொண்டுபோய் வைப்பதுதான் செலவு. நெடுந்தூரப் பாதைகளில் 1.65 மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி, 40 மில்லிமீட்டர் குழாய் பதித்து, மூடி, பெயர்த்த சாலையைச் செப்பனிடக் கட்டணமும் செலுத்திய பிறகு பார்த்தால், மொத்தச் செலவில் பாதிக்கு மேல் மண்வேலையாகவே இருக்கும். 24 இழைக் கேபிளுக்குப் பதிலாக 96 இழைக் கேபிளை இட்டாலும் அந்த மண்வேலைச் செலவு மாறாது. ஒரே பள்ளத்தில் டவருக்கும் வீடுகளுக்கும் கடைகளுக்கும் பள்ளிக்கும் சேர்த்து இழை கொண்டுபோனால், ஒவ்வொரு பயனின் பங்கும் குறைகிறது. அலைபேசி வலையமைப்பும் பிராட்பேண்ட் வலையமைப்பும் ஒன்றாவது பற்றித் தொழிலில் பேசும்போது முதலில் பார்ப்பது இந்தக் கணக்கைத்தான்.

ஒரு தெருவுக்கு ஃபைபர் கொண்டுபோக ஒரு லட்சம் ரூபாய் ஆகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். தெருவில் நூறு வீடுகள். பத்து வீடுகள் இணைப்பு எடுத்தால் ஒவ்வோர் இணைப்பின் மேலும் பத்தாயிரம் ரூபாய் ஏறுகிறது. ஐம்பது வீடுகள் எடுத்தால் இரண்டாயிரம். மாதம் 399 ரூபாய்க்குத் திட்டம் விற்கும் சந்தையில், பத்தாயிரம் என்பது இரண்டு ஆண்டு வசூலுக்கு மேல். அதில் இணைய பேண்ட்வித் கட்டணமும் பராமரிப்பும் ஊழியர் ஊதியமும் இன்னும் சேரவில்லை. இப்போது அதே தெருமுனையில் உள்ள டவர் அந்த ஃபைபரின் வாடிக்கையாளராகச் சேர்ந்தால், வீடுகள் வந்து சேரும்வரை காத்திருக்கும் காலத்தை டவரின் வாடகை தாங்கும். ஆகையால்தான் கைப்பேசிச் சேவையில் வளர்ந்த நிறுவனங்கள் வீட்டு இணைப்புக்குள் வருகின்றன. 2018 அக்டோபரில் ரிலையன்ஸ், டென், ஹாத்வே ஆகிய இரண்டு கேபிள் நிறுவனங்களில் பெரும்பான்மைப் பங்கு வாங்குவதாக அறிவித்தது இந்தக் கணக்கினால்தான். வீட்டு வாசல்வரை ஏற்கெனவே சென்றுவிட்ட கம்பிக்கு அத்தனை மதிப்பு இருக்கிறது.

நிறுவனங்களிடம் பணம் கொட்டிக் கிடக்கிறது, அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்பது கூட்டங்களில் நான் கேட்கும் இன்னொரு பேச்சு. 2022-ஆம் ஆண்டு ஏலத்தில் அலைக்கற்றைக்காக மட்டும் நிறுவனங்கள் ஒப்புக்கொண்ட தொகை 1,50,173 கோடி ரூபாய். ஒரு கைப்பேசிச் சந்தாதாரரிடமிருந்து மாதச் சராசரியாகக் கிடைப்பதோ இருநூறு ரூபாயையொட்டி இருக்கிறது. அலைபேசி வழி இணையத்தைப் பயன்படுத்தும் இணைப்புகள் நாட்டில் 90 கோடியைத் தாண்டிவிட்டன. கம்பிவழி பிராட்பேண்ட் இணைப்புகள் 4 கோடியைக் கடந்திருக்கின்றன. வீட்டுக்குள் அமர்ந்து பார்க்கும் படத்தையும் விலை உயர்ந்த அலைக்கற்றையின் மேலேயே ஏற்றிக்கொண்டிருக்கிறோம். ஃபைபர் உள்ள வீட்டில் கைப்பேசி வைஃபைக்கு மாறிவிடும். அந்தச் சுமை டவரிலிருந்து இறங்கிவிடும். வெளியே பேருந்தில் நிற்பவருக்கு வேகம் கிடைக்கும். நாலு வீடு ஃபைபர் எடுத்தால் எடுக்காத ஐந்தாம் வீட்டுக்கும் பயன் உண்டு என்பதைச் சங்கங்கள் எண்ணிப் பார்ப்பதேயில்லை.

டவர்களைப் பகிர்வதில் இந்தியா முன்னோடி. 2007-இல் மூன்று போட்டி நிறுவனங்கள் சேர்ந்து இண்டஸ் டவர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கின. ஒரே கோபுரத்தில் இரண்டு, மூன்று நிறுவனங்களின் ஆன்டெனாக்கள் நிற்பது நமக்குப் பழகிய காட்சி. குறைந்த கட்டணத்தில் கைப்பேசிச் சேவை நிலைத்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். அந்த வழக்கம் மண்ணுக்கடியில் வரவில்லை என்பதுதான் என் மனக்குறை. ஒரே சாலையின் ஒரே ஓரத்தில் மூன்று நிறுவனங்கள் மூன்று முறை வெட்டுகின்றன, மூன்று முறை கட்டணம் கட்டுகின்றன, மக்கள் மூன்று முறை புழுதியில் நடக்கிறார்கள். சிங்கப்பூரில் வீடுகளுக்கான இழைவலையை நெட்லிங்க் என்ற ஒரே அமைப்பு அமைத்துப் பராமரிக்கிறது. சேவை நிறுவனங்கள் அதில் இழையை வாடகைக்கு எடுத்துப் போட்டியிடுகின்றன. கட்டடம் எழும்போதே தகவல்தொடர்புக்கான குழாயையும் அறையையும் விடுவது அங்கே கட்டுநரின் கடமை.

நம்மிடமும் சட்டம் கைகொடுக்கத் தொடங்கியிருக்கிறது. 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் வந்த வழியுரிமை விதிகள் (கேபிளும் டவரும் அமைக்க நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை பற்றியவை) 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளன. கட்டடங்களின் டிஜிட்டல் இணைப்பு வசதியைத் தரவரிசைப்படுத்தும் ஒழுங்குமுறையைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 அக்டோபரில் வெளியிட்டது. வீடு வாங்கப் போகிறவர்கள் நீச்சல்குளத்தை விசாரிக்கும் அக்கறையில் பாதியையாவது இதற்குக் கொடுக்க வேண்டும்.

சங்கங்கள் செய்யும் இன்னொரு காரியம் என்னை மிகவும் வருத்துகிறது. ஏதோ ஒரு நிறுவனத்திடம் ஆண்டுத் தொகை பெற்றுக்கொண்டு, வேறு யாரையும் உள்ளே விடுவதில்லை என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தத் தொகை பராமரிப்புக் கணக்கில் வரவாகத் தெரியும். ஒவ்வொரு வீடும் போட்டியில்லாத விலையாகவும், பழுதுபார்க்க மூன்று நாள் காத்திருப்பதாகவும் அதைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். பொது நிலங்களில் வழியுரிமை பாகுபாடில்லாமலும், இயன்றவரை ஒரே நிறுவனத்துக்கு மட்டும் என்றில்லாமலும் தரப்பட வேண்டும் என்று அந்தத் தொலைத்தொடர்புச் சட்டம் சொல்கிறது. தனியார் வளாகமும் அதே நெறியைப் பின்பற்றுவதில் தடையென்ன? குழாய் சங்கத்துடையதாக இருக்கட்டும். கேபிளை யார் வேண்டுமானாலும் கொண்டுவரட்டும்.

மாடியில் டவர் வைத்தால் கதிர்வீச்சு என்று மறுப்பவர்களுக்குச் சுருக்கமாக: 2012 செப்டம்பர் முதல் இந்தியாவின் வரம்பு பன்னாட்டுப் பரிந்துரையில் பத்தில் ஒரு பங்கு. டவர் தொலைவில் இருந்தால் உங்கள் காதருகே உள்ள கைப்பேசிதான் கூடுதல் ஆற்றலில் இயங்கும்.

கேபிள் அறுபடுவது பற்றியும் சொல்லியாக வேண்டும். மழைநீர் வடிகாலுக்காக ஒரு ஜேசிபி, கேபிள் இருப்பது தெரியாமல் ஒரே இழுப்பில் 48 இழைக் கேபிளைப் பிய்த்துவிடுகிறது. பிய்ந்த முனைகள் நேருக்கு நேர் எட்டாது. இடையில் புதுத் துண்டு சேர்க்க வேண்டும். ஆகவே இரண்டு ஜாயின்ட், 96 ஒட்டு. பள்ளத்தின் விளிம்பில் தார்ப்பாய் கட்டிக்கொண்டு, ஜாயின்டர் ஒவ்வோர் இழையாக மேலுறையை உரித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, முனையை நேராக வெட்டி, ஸ்பிளைசிங் மெஷினில் வைத்து உருக்கி ஒட்டி, ஸ்லீவ் மாட்டுவார். தலைமுடி அளவே உள்ள இழையில் மண்துகள் பட்டால் மறுபடி முதலிலிருந்து. ஒவ்வோர் ஒட்டிலும் ஒளியில் சிறிது இழப்பு ஏற்படும். வீட்டு இணைப்புகளுக்கு நாம் பரவலாகப் பயன்படுத்தும் ஜிபான் அமைப்பில் தாங்கக்கூடிய மொத்த இழப்பு 28 டெசிபல். 32 வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டரே அதில் 17 அளவுக்கு எடுத்துக்கொள்ளும். எஞ்சியதைத்தான் தூரமும் கனெக்டர்களும் ஒட்டுகளும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அடிக்கடி அறுபடும் பாதையில் வேகம் நிலையாக இல்லாமல் போவதற்கும், மோடத்தில் சிவப்பு விளக்கு எரிவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். கேபிள் அறுபட்ட அந்த இரவு முழுக்க அணைந்து கிடப்பது வீட்டு இணைய இணைப்புகள் மட்டும் அல்ல. அதே கேபிளில் தொங்கும் இரண்டு, மூன்று டவர்களும்தான். ஒன்றாகச் சேர்த்த வலையமைப்பில் இந்த ஆபத்து கூடுதல் என்பதை நான் மறைக்கவில்லை. வேறு திசையிலிருந்து இரண்டாவது பாதை அமைத்துத்தான் அதை ஈடுகட்ட முடியும். அனுமதிகளை நாம் மறுக்கும்போது முதலில் கைவிடப்படுவது அந்த இரண்டாவது பாதையே.

வீடு கட்டுபவர்கள், சங்க நிர்வாகிகள், உள்ளாட்சிப் பொறுப்பில் இருப்பவர்கள் ஆகியோரிடம் இதை உரிமையோடு கேட்கிறேன். வாசலிலிருந்து ஒவ்வொரு பிளாக்குக்கும் குறைந்தது இரண்டு வெறுங்குழாய்களைப் பதியுங்கள். உள்ளே இழுகயிறு விட்டு, முனைகளை மூடியால் அடையுங்கள். கலவை போய் அடைத்த குழாய் இருந்தும் பயனில்லை. தரையில் கல் பதிக்கும் முன் செய்தால் ஆகும் செலவு, பதித்த கல்லைப் பெயர்க்கும் செலவில் சிறு பங்குதான். மின்கம்பி செல்லும் குழாயிலேயே ஃபைபரையும் திணிக்காதீர்கள், தனியாக விடுங்கள். எந்தக் குழாய் எங்கே போகிறது என்ற வரைபடத்தை ஒப்பந்ததாரர் போகும் முன் கையெழுத்தோடு வாங்கிச் சங்க அலுவலகத்தில் வையுங்கள். ஒரே நிறுவனத்தை மட்டும் அனுமதிக்கும் ஒப்பந்தத்தில் ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தால், புதுப்பிக்கும் தேதியைக் குறித்துவைத்து, அன்று அந்த நிபந்தனையை நீக்குங்கள்.

ஊராட்சிகளுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் இணைக்கும் பாரத்நெட் பணியைத் தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகம் மேற்கொண்டிருக்கிறது; கேபிளின் பெரும்பகுதி மின்கம்பங்களின் வழியே செல்கிறது. கம்பம் மாற்றும்போதும் மரக்கிளை வெட்டும்போதும் அந்தக் கறுப்புக் கேபிளை அறுத்து ஓரமாகச் சுற்றி வைக்காதீர்கள். பள்ளியும் ஆரம்ப சுகாதார நிலையமும் டவரும் நாளை அதே கேபிளை நம்பி இருக்கப் போகின்றன.

தோண்டும் வேலை எதுவானாலும், தொடங்கும் முன் தகவல் தர வேண்டியது விதி. அதற்கான 'கால் பிஃபோர் யூ டிக்' செயலி 2023 மார்ச்சிலிருந்து இருக்கிறது. செயலியில் பதிவு செய்ய ஒப்பந்ததாரருக்கு நேரமில்லை என்றால், சாலையோரம் நட்டிருக்கும் கேபிள் அடையாளக் கல்லில் எழுதியுள்ள எண்ணுக்கு ஓர் அழைப்பாவது செய்யச் சொல்லுங்கள். பாதையைக் காட்ட ஆள் வந்த பிறகு ஜேசிபியை இறக்கட்டும்.