அமெரிக்க அரசு விதி போடும் முன் உங்கள் கருத்தைக் கேட்க வேண்டும்: அந்த உரிமையை எப்படிப் பயன்படுத்துவது?

எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவரின் கணவனோ மனைவியோ வேலைக்குப் போகலாம் என்று அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் வெளிப்படையாக ஒரு வரிகூடக் கிடையாது. ஆனாலும் ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்களில் அந்தத் துணைவருக்கான எச்-4 விசாவில் இருப்பவர்கள் வேலை பார்க்கிறார்கள். அந்த அனுமதியைத் தந்தது 2015-இல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை போட்ட ஒரு விதி. அமெரிக்காவில் அன்றாட வாழ்க்கையைத் தொடும் பெரும்பாலான விஷயங்கள் இப்படித்தான் முடிவாகின்றன. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டத்தைப் பொதுவாக இயற்றிவிடும். யாருக்கு, எப்போது, எந்தப் படிவத்தில், எவ்வளவு கட்டணத்தில் என்பதையெல்லாம் துறை அதிகாரிகள் விதியாக எழுதுவார்கள். முறைப்படி போடப்பட்ட விதிக்குச் சட்டத்துக்கு உள்ள அதே கட்டாயம் உண்டு.

தேர்தலில் நிற்காத அதிகாரிகள் கையில் இத்தனை அதிகாரம் இருப்பதால்தான் 1946-இல் நிர்வாக நடைமுறைச் சட்டம் வந்தது. அது சொல்லும் வழி எளிது. துறை முதலில் முன்மொழிவை வெளியிட வேண்டும். மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும். வந்தவற்றில் முக்கியமானவற்றுக்குப் பதில் சொல்லி இறுதி விதியைப் போட வேண்டும். அது வெளியான நாளிலிருந்து பொதுவாக 30 நாள் கழிந்த பிறகே நடைமுறைக்கு வரும். பெரிய பொருளாதார விளைவுள்ள விதி என்றால் 60 நாள்.

முன்மொழிவு வெளியாகும் இடம் ஃபெடரல் ரிஜிஸ்டர். அரசின் தினசரி அறிவிப்பேடு அது. வேலை நாள் தோறும் வரும், இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். அதற்கும் முன்பே தகவல் கிடைக்கும் இடம் ஒன்று உண்டு. ஆண்டுக்கு 10 கோடி டாலர் அளவு விளைவுள்ள விதிகளையும் மற்ற முக்கிய விதிகளையும் வெள்ளை மாளிகையின் கீழ் உள்ள ஓஐஆர்ஏ என்ற அலுவலகம் முதலில் பரிசீலிக்கும். பொதுவாக 90 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம். எந்த விதி பரிசீலனையில் இருக்கிறது என்ற பட்டியல் ரெக்இன்ஃபோ டாட் கவ் தளத்தில் இருக்கும். ஒரு விதி அந்தப் பட்டியலில் ஏறிவிட்டது என்றால் ஆதாரங்களைத் திரட்டத் தொடங்க வேண்டிய நேரம் அது. அந்தக் கட்டத்திலேயே ஓஐஆர்ஏ அதிகாரிகளைச் சந்தித்துப் பேச நேரம் கேட்கவும் வழி உண்டு.

கருத்துச் சொல்லக் குடியுரிமை தேவையில்லை. விசாவில் இருப்பவர் சொல்லலாம், சென்னையில் இருந்துகொண்டும் சொல்லலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். ரெகுலேஷன்ஸ் டாட் கவ் தளத்தில் விதியின் கோப்பு எண்ணைக் கொடுத்துத் தேடி, கருத்துப் பெட்டியைத் திறக்க வேண்டும். பெட்டியில் 5,000 எழுத்துகள்தான் கொள்ளும். அதற்கு மேல் என்றால் பிடிஎஃப் கோப்பாக இணைக்கலாம். பெயர் சொல்லாமலும் அனுப்பலாம். அனுப்பியதும் ஒரு கண்காணிப்பு எண் வரும், அதைப் பத்திரப்படுத்துங்கள். எத்தனை நாள் அவகாசம் என்பதைச் சட்டம் சொல்லவில்லை. 1993-இல் கிளிண்டன் பிறப்பித்த ஆணை பொதுவாக 60 நாள் என்கிறது, ஆனால் நடைமுறையில் 30 நாள் மட்டும் தருவதும் உண்டு. கடைசித் தேதி அமெரிக்கக் கிழக்குக் கடற்கரை நேரப்படி கணக்காகும். கலிஃபோர்னியாவில் இருப்பவர் நள்ளிரவு வரை நேரம் இருக்கிறது என்று நினைத்தால் மூன்று மணி நேரம் பிந்திவிடுவார்.

பலர் தவறுவது கருத்தை எழுதும் விதத்தில். இது வாக்கெடுப்பு இல்லை. ஒரே வாசகத்தைப் பத்தாயிரம் பேர் அனுப்பினாலும் அதிகாரி அதை ஒரே வாதமாக எடுத்து ஒரே பதிலில் முடித்துவிடலாம். "இது அநியாயம், கைவிடுங்கள்" என்று எழுதினால் பதில் சொல்ல வேண்டிய கடமையே அவருக்கு எழாது. முன்மொழிவின் எந்தப் பகுதியை, எந்தப் பத்தியைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று சுட்டுங்கள். துறை போட்ட செலவுக் கணக்கில் விட்டுப்போனது என்ன? வேலை அனுமதி அட்டை புதுப்பிக்கத் தாமதமானால் எத்தனை வாரம் சம்பளம் போகும், மருத்துவக் காப்பீடு எப்போது நிற்கும், நிறுவனம் அந்த இடத்துக்கு ஆள் தேட என்ன ஆகும்? எண்ணோடும் ஆவணத்தோடும் சொல்லுங்கள். அதே நோக்கத்தை நிறைவேற்ற வேறு வழி இருந்தால் அதையும் எழுதுங்கள். மாற்று வழியை ஏன் ஏற்கவில்லை என்று துறை விளக்க வேண்டி வரும். கருத்துகள் பொதுவில் வெளியாகும் என்பதால் பாஸ்போர்ட் எண், குடியேற்றத் துறை தரும் அடையாள எண்ணான ஏ-எண், விண்ணப்ப ரசீது எண் எதையும் எழுதக் கூடாது.

இவ்வளவு பாடுபடுவதன் பலன் பெரும்பாலும் நீதிமன்றத்தில்தான் தெரியும். விதியை எதிர்த்து வழக்கு வந்தால், முடிவெடுத்த நேரத்தில் துறையின் முன் இருந்த கோப்பை வைத்தே நீதிபதி பார்ப்பார். யாரும் கருத்தில் எழுப்பாத வாதத்தைப் பின்னர் நீதிமன்றத்தில் புதிதாகக் கொண்டுவருவது கடினம். துறை கருத்தே கேட்காமல் விதி போட்டிருந்தால் கதை வேறு. அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் (ஸ்டெம்) படித்த வெளிநாட்டுப் பட்டதாரிகள் மாணவர் விசாவிலேயே வேலை பார்க்கும் ஓபிடி காலத்தை 17 மாதம் நீட்டித்த 2008-ஆம் ஆண்டு விதி அப்படி அவசரம் என்று சொல்லிப் போடப்பட்டது. 2015 ஆகஸ்டில் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. ஆனால் மாணவர்கள் நடுத்தெருவில் நிற்காதபடி தீர்ப்பு நடைமுறைக்கு வருவதைத் தள்ளிவைத்தது. துறை மறுபடி முன்மொழிந்தது, 50,000-க்கும் மேல் கருத்துகள் வந்தன, 2016 மே 10 முதல் 24 மாத நீட்டிப்பு வந்தது. குறுக்கு வழி எந்தப் பக்கத்துக்கும் உதவாது. 2020 அக்டோபரில் எச்-1பி சம்பள வரம்பைத் திடீரென உயர்த்திய விதிக்கும் கொரோனா வேலையின்மையைக் காரணம் காட்டினார்கள். கருத்துக் கேட்காமல் விட அது போதாது என்று டிசம்பர் 1-ஆம் தேதி கலிஃபோர்னியா நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

விதியைப் போட எவ்வளவு பாடோ, எடுக்கவும் அவ்வளவு பாடு. எச்-4 வேலை அனுமதியை நீக்கப்போவதாக டிரம்ப் அரசு 2017-இல் அறிவித்தது. முன்மொழிவு 2019-இல் ஓஐஆர்ஏ வரை போனது, பொதுமக்கள் பார்வைக்கு வரவே இல்லை, 2021 ஜனவரியில் பைடன் அரசு திரும்பப் பெற்றது. இடைப்பட்ட காலம் முழுவதும் பழைய விதியே நின்றது. அதை எதிர்த்து அமெரிக்கத் தொழிலாளர் தரப்பு தொடுத்த வழக்கும் 2024 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது.

அதே 2024-இல் உச்ச நீதிமன்றம் லோப்பர் பிரைட் வழக்கில் நாற்பதாண்டுப் பழக்கத்தை மாற்றியது. சட்ட வாசகம் தெளிவில்லாதபோது துறையின் நியாயமான பொருள்கோளை நீதிமன்றம் ஏற்க வேண்டும் என்ற 1984-ஆம் ஆண்டு கோட்பாடு போய்விட்டது. இனி நீதிபதியே பொருள் காண்பார். துறைக்கு விதி போடும் அதிகாரமே இருக்கிறதா என்ற கேள்வி இப்போது முன்னைவிடக் கனமானது. கருத்திலும் அதை எழுப்பலாம். காங்கிரசுக்கும் நேரடி ஆயுதம் உண்டு. 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரு அவைகளும் தீர்மானம் போட்டு அதிபர் கையெழுத்திட்டால் விதி ரத்தாகும், ஏறத்தாழ அதே விதியைத் துறை மீண்டும் போட முடியாது. 2017-க்கு முன் இது ஒரே ஒரு முறைதான் பலித்தது. தன் ஆட்சியின் விதியை ரத்து செய்ய அதிபர் கையெழுத்திடுவது அரிது, ஆட்சி மாறும்போதுதான் இதற்கு உயிர் வரும்.

இந்தப் பாதுகாப்பு எட்டாத இடங்களும் இருக்கின்றன. அதிபரின் பிரகடனம் கருத்துக் கேட்கும் வழியில் வராது. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் விதித்தது அப்படி வந்ததுதான். ராணுவம், வெளியுறவு சார்ந்த விதிகளுக்குச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. அதிகாரிகளுக்கான கொள்கைக் குறிப்புகளும் ஒரே நாளில் மாறலாம்.

உங்கள் சொந்த விண்ணப்பம் கிடப்பில் இருந்தால் கருத்துப் பெட்டி அதற்கான இடம் இல்லை. நீங்கள் வசிக்கும் தொகுதியின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் அலுவலகத்துக்கு எழுதுங்கள்; வாக்குரிமை இல்லாதவருக்காகவும் அவர்கள் விசாரிப்பது வழக்கம். உங்கள் தகவலைத் துறை அவர்களிடம் பகிரலாம் என்று நீங்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் இல்லாமல் கோப்பு நகராது. கோப்பில் என்ன இருக்கிறது என்று பார்க்க, 1966-ஆம் ஆண்டுத் தகவல் சுதந்திரச் சட்டப்படி கேட்கலாம். 20 வேலை நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம், நடைமுறையில் தாமதம் சகஜம். மறுத்தால் மேல்முறையீடு செய்யக் குறைந்தது 90 நாள் அவகாசம் தர வேண்டும். அதற்கும் அசையாவிட்டால், நியாயமற்ற தாமதத்தை முடிவுக்குக் கொண்டுவர உத்தரவிடுமாறு ஃபெடரல் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். நீதிமன்றம் முடிவெடுக்கத்தான் சொல்லும், உங்களுக்குச் சாதகமாக எடுக்கச் சொல்லாது. அந்தக் கட்டத்தில் குடியேற்ற வக்கீல் தேவை.