கோடைப்புல் மேல் குளிர்காலத் தீவனம் விதைக்க அமெரிக்க அரசு தரும் பணம்: ஈக்விப் திட்டம் ஒரு விளக்கம்

ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி, ஆர்கன்சா பக்கம் மேய்ச்சல் நிலம் என்றால் பெரும்பாலும் பெர்முடா புல் அல்லது பாஹியா புல்தான். பெர்முடா நமக்குப் புதிதல்ல, அருகம்புல் இனம். 1943இல் ஜார்ஜியாவின் டிஃப்டனில் கிளென் பர்ட்டன் வெளியிட்ட ‘கோஸ்டல்’ ரகம் அதைத் தென் மாநிலங்களின் முக்கியத் தீவனப் புல்லாக்கியது. வெயில் காலத்தில் மளமளவென்று வளரும். முதல் உறைபனி விழுந்ததும் பழுப்பாகிப் படுத்துவிடும், வசந்தம் வரும்வரை எழுந்திருக்காது. ஆனால் தென்கிழக்கில் குளிர்காலத்திலும் நல்ல மழை உண்டு. மண்ணில் மிச்சமிருக்கும் சத்தை உறிஞ்ச உயிருள்ள வேர் இல்லாத நேரத்தில் பெய்யும் மழை அது. தழைச்சத்து (நைட்ரஜன்) நைட்ரேட்டாக அடிமண்ணுக்கு இறங்கும், மணிச்சத்து (பாஸ்பரஸ்) வழிந்தோடும் நீரோடு ஓடைக்குப் போகும்.

இதைத் தடுக்கும் வழிதான் மேல்விதைப்பு. உறங்கும் புல்லை அழிக்காமல், உழாமல், அதன் மேலேயே குளிரில் வளரும் ரைகிராஸ் புல், ரை, ஓட்ஸ் தானியங்கள், கிரிம்சன் குளோவர் என்ற பயறுவகைத் தீவனம் போன்றவற்றை விதைப்பது. மாட்டுக்குக் குளிர்காலத்தில் பச்சைத் தீவனம் கிடைக்கும், மண்ணின் சத்தும் ஓடையில் போகாமல் பயிரில் தங்கும். இதற்கு ‘ஈக்விப்’ என்ற சுற்றுச்சூழல் தர ஊக்கத் திட்டத்தில் பணம் கேட்க வாய்ப்பு இருக்கிறது. 1996ஆம் ஆண்டு வேளாண் சட்டத்தில் பிறந்த திட்டம். அமெரிக்க வேளாண் துறையின் கீழ் உள்ள இயற்கை வளப் பாதுகாப்பு அமைப்பு, அதாவது என்.ஆர்.சி.எஸ்., இதை நடத்துகிறது.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அலுவலகத்துக்குப் போய் “குளிர்காலத்துக்குத் தீவனம் போதவில்லை, விதை வாங்க உதவி வேண்டும்” என்று மட்டும் சொன்னால் வேலை நடக்காது. இது தீவன மானியம் அல்ல. உங்கள் நிலத்தில் மண், நீர் சார்ந்த ஒரு வளச் சிக்கல் இருக்க வேண்டும், நீங்கள் செய்யப்போகும் வேலை அதைத் தீர்க்க வேண்டும். பணம் அந்தத் தீர்வுக்கு. அதனால் கையில் கொண்டுபோக வேண்டியது தீவனக் கடை பில் அல்ல, மண் பரிசோதனை அறிக்கை.

அந்த அறிக்கையில் பெரும்பாலும் என்ன இருக்கும் என்று பார்ப்போம். தென் மாநிலங்களில் கோழிப்பண்ணைகள் அதிகம், புல்லுக்கும் கோழி எருதான் மலிவு. ஒரு டன் பிராய்லர் எருவில் தழைச்சத்து சுமார் 60 பவுண்டு, மணிச்சத்தும் ஏறக்குறைய அதே அளவு. ஆனால் பெர்முடா புல் ஒரு டன் அறுத்துக் காயவைத்தால் அது மண்ணிலிருந்து எடுத்துப்போவது தழைச்சத்து சுமார் 50 பவுண்டு, மணிச்சத்து 12 பவுண்டு அளவுக்குத்தான். ஏக்கருக்கு 6 டன் புல் எடுப்பவர் தழைச்சத்துக் கணக்குப் பார்த்து 5 டன் எரு போட்டால் தழைச்சத்து 300 பவுண்டு சரியாகிவிடும். மணிச்சத்தும் 300 பவுண்டு விழும், போவதோ 72. மீதி அத்தனையும் மண்ணில். எருவில் உள்ள தழைச்சத்து முழுவதும் அந்த ஆண்டே பயிருக்குக் கிடைக்காது என்பதால் நடைமுறையில் இன்னும் கூடுதலாக எரு போடுவார்கள், நிலைமை இன்னும் மோசம்.

இப்படிச் சேர்ந்த மணிச்சத்து வெறும் காகிதக் கணக்கு அல்ல. ஆர்கன்சாவில் தொடங்கி ஓக்லஹோமாவுக்குள் ஓடும் இல்லினாய்ஸ் ஆறு கோழி எருவால் கெடுகிறது என்று ஓக்லஹோமா மாநிலம் 2005இல் கோழி நிறுவனங்கள்மீது வழக்குப் போட்டது. மாநிலத்துக்குச் சாதகமான தீர்ப்பு வர 2023 ஜனவரி ஆகிவிட்டது.

சரி, மேல்விதைப்பு இங்கே என்ன செய்யும்? இரண்டு வேறு வேலை செய்யும், உங்களுக்கு எது தேவை என்று முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். மாட்டை விட்டு மேய்த்தால் மாடு தின்ற சத்தில் பெரும்பகுதி சாணமாகவும் மூத்திரமாகவும் அதே நிலத்துக்குத் திரும்பிவிடும். சத்துக் குறைந்த நிலத்துக்கு இது வரம். மணிச்சத்து ஏற்கெனவே மிதமிஞ்சிய நிலத்தில் மேய்த்தால் மட்டும் அளவு குறையாது, அங்கே பயிரை அறுத்து அந்த நிலத்தைவிட்டு வெளியே கொண்டுபோக வேண்டும். கோடையில் பெர்முடா அறுப்பு, வசந்தத்தில் ரைகிராஸ் அறுப்பு என்று ஆண்டுக்கு இரண்டு பயிர் போனால்தான் மணிச்சத்து மெல்ல இறங்கும். சேர்ந்தது ஒரே ஆண்டில் தீராது என்பதும் நினைவிருக்கட்டும். அறுத்த கட்டுகளை அதே வயலில் வைத்து மாட்டுக்குப் போட்டால் சத்தும் அதே வயலுக்கே வந்துவிடும். சத்துக் குறைந்த வேறு வயலில் வைத்துப் போடுங்கள், உரச் செலவும் மிச்சம்.

மண் மாதிரி எடுப்பதில் கவனம் வேண்டும். ஒரு வயலில் பதினைந்து இருபது இடங்களில், மேய்ச்சல் நிலத்துக்கு நான்கு அங்குல ஆழம் அளவில் எடுத்துக் கலக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி, நிழல்மரம், வாசல் பக்கம் எடுக்கக் கூடாது. மாடுகள் கூடி நிற்கும் அந்த இடங்களில் சத்து குவிந்திருக்கும், மொத்த வயலின் கணக்கும் தப்பாகிவிடும்.

இனி விண்ணப்பம். நிலம் சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. ஒப்பந்தக் காலம் முழுவதும் நிலம் உங்கள் கையில் இருக்கும் என்று காட்டினால் குத்தகைதாரருக்கும் கிடைக்கும். முதலில் உங்கள் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், வேளாண் சேவை மையத்தில் பண்ணைச் சேவை முகமையிடம் பண்ணை எண் வாங்க வேண்டும். அப்புறம் மூன்று படிவங்கள்: விண்ணப்பத்துக்கு சிபிஏ-1200, எளிதில் மண் அரிக்கும் நிலம், சதுப்பு நிலம் பற்றிய விதிகளை மீறவில்லை என்பதற்கு ஏடி-1026, வருமானத்துக்கு சிசிசி-941. மூன்று ஆண்டுச் சராசரி வருமானம் 9 லட்சம் டாலரைத் தாண்டினால் பொதுவாகத் தகுதி இல்லை, சில விதிவிலக்குகள் உண்டு.

அடுத்து திட்ட அலுவலர் நிலத்துக்கு நேரில் வருவார். இந்த வருகையை ஏதோ சோதனை போல நினைத்துப் பயப்படுபவர்கள் இருக்கிறார்கள், தேவையில்லை. எரு எங்கே கொட்டிவைக்கிறீர்கள், ஓடை எவ்வளவு தூரம், சரிவு எந்தப் பக்கம் என்று பார்த்து, மணிச்சத்து ஓடும் அபாயத்தைக் கணித்து ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுதித் தருவார். மேல்விதைப்பு எந்தத் தலைப்பில் வரும் என்பது மாநிலத்தைப் பொறுத்தது. மேய்ச்சல் புல் நடவுத் தலைப்பு நீடித்து வாழும் புல்வகைகளுக்கானது என்பதால், ஒரு பருவப் பயிரான ரைகிராஸ் பெரும்பாலும் அதில் சேராது. மூடுபயிர் (மண்ணை மூடிக் காக்க விதைக்கும் பயிர்), சத்து மேலாண்மை, திட்டமிட்ட மேய்ச்சல் என்ற தலைப்புகளைக் கேட்டுப் பாருங்கள். மூடுபயிர் என்று எழுதினால் விதைக்காக அறுவடை செய்யக் கூடாது, மேய்ப்பதற்கும் அறுப்பதற்கும் நிபந்தனை இருக்கும். மணிச்சத்தை இறக்க அறுத்தே ஆக வேண்டிய நிலம் என்றால் கையெழுத்துக்கு முன்பே அதைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம் ஆண்டு முழுவதும் வாங்குவார்கள். ஆனால் மாநிலம் அறிவிக்கும் கெடு தேதிக்குள் வந்தவை மட்டுமே மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தப்படும். பணம் குறைவு, கேட்பவர்கள் அதிகம் என்பதால் எல்லோருக்கும் கிடைக்காது. நினைவில் வைக்க வேண்டிய விதி ஒன்றுதான்: ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் முன் விதைத்துவிட்டால் அந்த வேலைக்குப் பணம் கிடையாது. விதைப்புக் காலமோ செப்டம்பர் முதல் நவம்பர் வரை. ஆகஸ்டில் விண்ணப்பித்துவிட்டு அக்டோபரில் விதைக்கக் காத்திருப்பது வீண். இந்த இலையுதிர் காலத்தில் விண்ணப்பித்து அடுத்த இலையுதிர் காலத்துக்குத் திட்டமிடுங்கள். இந்த ஆண்டு விதைத்தே தீர வேண்டும் என்றால் சொந்தச் செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு தருவார்கள்? உங்கள் பில்லைப் பார்த்து அல்ல, மாநிலம் ஆண்டுதோறும் வெளியிடும் ஏக்கர் விகிதப்படி. அது மதிப்பிட்ட செலவில் 75 சதவீதம் வரை போகலாம். பத்து ஆண்டுக்குள் விவசாயத்துக்கு வந்தவர், முன்னாள் படைவீரர், குறைந்த வசதியுள்ளவர் என்ற வகைகளுக்கு 90 சதவீதம் வரை. மற்றவர்கள் வேலை முடித்து, அலுவலர் சரிபார்த்த பிறகுதான் வாங்க முடியும். மேற்சொன்ன வகையினர் பாதித் தொகையாவது முன்பணமாகக் கேட்கலாம். கையில் காசில்லாத புதியவருக்கு அதுவே பெரிய உதவி, பலர் அதைக் கேட்பதே இல்லை.

சரிபார்க்க வருபவர் விதைப் பையின் சீட்டைக் கேட்பார். பையோடு தைத்திருக்கும் அந்தச் சீட்டில் தூய்மை, முளைப்புத்திறன் எல்லாம் அச்சாகியிருக்கும், கிழித்துப் போட்டுவிடாதீர்கள். புல்லை இரண்டு மூன்று அங்குலத்துக்கு மேய்த்தோ வெட்டியோ குட்டையாக்கிய பிறகே விதைக்க வேண்டும், இல்லாவிட்டால் விதை புல்மெத்தையில் தொங்கிக் காய்ந்துவிடும். ரைகிராஸ் ஏக்கருக்கு 20 முதல் 30 பவுண்டு போதும். குளோவர் சேர்த்தால் அதற்குரிய ரைசோபியம் என்ற வேர்முடிச்சு நுண்ணுயிரைக் கலந்து விதையுங்கள், காற்றிலிருந்து தழைச்சத்து சேரும். தழைச்சத்துக்காக எரு போடும் தேவையும் அந்த அளவுக்குக் குறையும். வசந்தத்தில் ரைகிராஸை நேரத்தோடு மேய்த்தோ அறுத்தோ விடாவிட்டால் அது பெர்முடாவின் தளிரை மூடி அமுக்கிவிடும், கோடை அறுப்பு தள்ளிப்போகும்.

ஏற்கெனவே பண்ணையை நன்றாகப் பராமரிப்பவருக்கு சி.எஸ்.பி. (பாதுகாப்புப் பராமரிப்புத் திட்டம்) என்ற ஐந்தாண்டுத் திட்டம் தனியாக உண்டு. அதில் பண்ணை முழுவதையும் சேர்க்க வேண்டும், ஒப்பந்தத்தின்போதே இரண்டு வளச் சிக்கல்களில் நல்ல நிலையில் இருக்க வேண்டும். ஒரே வேலைக்கு இரண்டு திட்டத்திலும் வாங்க முடியாது.

இரண்டிலுமே ஒப்பந்தத்தை நடுவில் விட்டால் வாங்கியதைத் திருப்பிக் கேட்கலாம், மேலே அபராதமும் வரலாம். வாங்கும் தொகை வரிக் கணக்கிலும் வரும். ஆண்டு முடிவில் 1099-ஜி படிவம் தபாலில் வந்தால் மற்ற காகிதங்களோடு எடுத்து வையுங்கள்.