நெஞ்சு நீரில் ஒளிந்திருக்கும் செல்கள்

"அப்பாவுக்கு நெஞ்சில் நீர் கோத்திருந்தது. எடுத்து டெஸ்ட் செய்ததில் கேன்சர் செல் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. ஆனாலும் டாக்டர் மறுபடி எடுக்கச் சொல்கிறார். எதற்கு?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

டாக்டர் சொல்வது சரிதான். புற்றுநோயால் நீர் கோத்தவர்களில்கூட, முதல் பரிசோதனையில் சுமார் 60 சதவீதம் பேருக்குத்தான் அது பிடிபடுகிறது. புற்றுக்கட்டி தன் செல்களை நீரில் உதிர்த்திருந்தால்தானே கண்ணில் படும்!

வழக்கமான முறை எளிது. நீரை மையவிலக்கியில் சுற்றி, அடியில் தங்கும் வண்டலைக் கண்ணாடித் தகட்டில் பூசி, சாயமேற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். சிக்கல் அங்கேதான். நுரையீரலின் வெளியுறையில் இருக்கும் மீசோதீலியல் செல்கள், காசநோயோ நிமோனியாவோ உரசினாலே உப்பிவிடும். உட்கரு பெரிதாகும், சிலவற்றில் இரண்டு மூன்று உட்கருக்கள் தெரியும், கொத்துக் கொத்தாகச் சேர்ந்தும் நிற்கும். புற்றுச் செல்லும் ஏறத்தாழ இப்படியேதான் இருக்கும். பழுத்த அனுபவசாலியும் தயங்குகிற இடம் இது.

இதற்கு ஆய்வகத்தில் செய்யும் வேலை எனக்கு மிகவும் பிடித்தது. வண்டலில் கொஞ்சம் பிளாஸ்மாவைக் கலந்து, சில சொட்டு த்ராம்பின் விடுவார்கள். காயம் பட்டால் ரத்தத்தை உறைய வைக்கும் அதே நொதிதான். பிளாஸ்மாவில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜனை அது ஃபைப்ரின் இழைகளாக மாற்றுகிறது. உறை ஊற்றிய பால் போல, ஆனால் சில நிமிடங்களிலேயே, குழாயின் அடியில் ஒரு கட்டி திரண்டுவிடும். மிதந்துகொண்டிருந்த செல்கள் எல்லாம் அந்த வலைக்குள் சிக்கியிருக்கும். அதை ஃபார்மலினில் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, 3 அல்லது 4 மைக்ரான் கனத்தில் சீவுவார்கள். செல் பிளாக் என்பது இதுதான்.

ஒரே செல் பிளாக்கிலிருந்து பல சீவல்கள் கிடைப்பதால் ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வி கேட்கலாம். குறிப்பிட்ட புரதத்தில் மட்டும் ஒட்டும் எதிர்ப்பொருளைச் சேர்த்தால், அது ஒட்டிய இடம் பழுப்பாக மாறும். கால்ரெட்டினின் என்ற புரதம் பழுப்பானால் பெரும்பாலும் மீசோதீலியல் செல். க்ளாடின்-4 என்ற புரதம் செல்லின் விளிம்பில் பழுப்புக் கோடு போட்டால், வேறெங்கிருந்தோ வந்த கார்சினோமா (உறுப்புகளின் மேலுறைச் செல்களில் தொடங்கும் புற்று) என்ற சந்தேகம் வலுக்கும். அப்புறம் உட்கருவில் டிடிஎஃப்-1 என்ற புரதம் தெரிந்தால் நுரையீரலையும், பேக்ஸ்-8 என்ற புரதம் தெரிந்தால் பெண்களில் சினைப்பையையும் தேடுவார்கள். மருந்தைத் தீர்மானிக்க உதவும் ஈஜிஎஃப்ஆர் மரபணு மாற்றத்தையும் இதே செல் பிளாக்கில் பார்க்க முடியும்.

இவ்வளவு சொல்லக்கூடிய நீரில் ஒரு சின்னக் குப்பியளவு அனுப்பிவிட்டு மீதியைக் கொட்டுவது எனக்குப் பொறுக்காது. 50 மில்லிக்குக் குறையாமல் அனுப்புவது நல்லது. கோடிகளில் இயந்திரம் வாங்குமுன், மாவட்ட மருத்துவமனை ஆய்வகங்களுக்கு இந்த எதிர்ப்பொருட்கள் தடையில்லாமல் கிடைக்க அரசு நிதி ஒதுக்க வேண்டும்.

"ஊசி குத்தினால் கேன்சர் பரவிவிடும்" என்று பயந்து நீர் எடுக்கவே மறுக்கும் குடும்பங்களும் உண்டு. நீரில் புற்றுச் செல் மிதக்கிறதென்றால், ஊசிக்கு முன்பே அது அங்கே வந்துவிட்டது என்றுதான் பொருள். நீரை எடுத்தால் மூச்சுத் திணறலாவது குறையும். எனவே கேட்ட வாசகர் இரண்டாம் முறை தாராளமாகச் சம்மதிக்கலாம். செல் பிளாக்கும் செய்வார்களா என்று மட்டும் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.