விலை நிர்ணயத்தில் ஃபஸி லாஜிக்: எல்லைகளை வகுப்பது யார்?

விலை நிர்ணயிப்பவரிடம் காரணம் கேட்டால், "கையிருப்பு அதிகம், போட்டியாளர் விலை கொஞ்சம் குறைவு, அதனால் சற்று இறக்கினோம்" என்பார். இந்த 'அதிகம்', 'கொஞ்சம்' போன்றவற்றைக் கணக்கில் கொண்டுவரும் வழியை அறிவியலாளர் லோத்ஃபி ஸாதே 1965இல் வெளியிட்ட ஃபஸி கணங்கள் (எல்லை மங்கலான தொகுப்புகள்) பற்றிய கட்டுரை திறந்தது. 800 பெட்டிகள் என்றால் அதிகம், 799 என்றால் அதிகமில்லை என்று வெட்டிப் பிரிக்காமல், ஒரே கையிருப்பு 'அதிகம்' என்பதில் 0.7 அளவும் 'மிதம்' என்பதில் 0.3 அளவும் சேர்ந்திருக்க அது இடமளிக்கிறது; அதன்மேல் எழுந்த கணக்குமுறைதான் ஃபஸி லாஜிக். அனுபவசாலிகளின் முடிவுகளை 'இப்படியானால் இப்படிச் செய்' என்னும் விதிகளாகத் தொகுத்து வைப்பது நிபுணர் அமைப்பு. இரண்டும் இணையும்போது, ஒவ்வொரு விதியும் தான் பொருந்தும் அளவுக்கு விலையை இழுக்கிறது. அந்த இழுப்புகளின் கூட்டு முடிவு ஓர் எண்ணாக வெளிவருகிறது.

நான் பார்த்தவரை, சிக்கல் பெரும்பாலும் விதிகளில் இருப்பதில்லை, 'அதிகம்', 'மிதம்' போன்றவை எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்ற எல்லைகளில்தான் இருக்கிறது. மென்பொருள் தானாகச் சமமாகப் பிரித்துத் தரும் முக்கோணங்களை (ஒவ்வொரு சொல்லும் எந்த எண்ணுக்கு எந்த அளவு பொருந்தும் எனக் காட்டும் வரைபடங்களை) அப்படியே விட்டுவிட்டால், விரைவாக விற்கும் பொருளுக்கும் தேங்கி நிற்கும் பொருளுக்கும் 200 பெட்டிகள் ஒரே அர்த்தத்தைத் தரும். கையிருப்பை எண்ணிக்கையில் அல்லாமல், எத்தனை நாள் விற்பனைக்குத் தாங்கும் என்ற கணக்கில் கொடுப்பதும், எல்லைகளை நிரலாளர் அல்லாமல் விற்பனைப் பிரிவினர் வகுப்பதும் அவசியம். காரணிகளைக் கூட்டிக்கொண்டே போவதும் ஆபத்துதான்: ஐந்து காரணிகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலைகள் என்றாலே 243 விதிகள் வேண்டும், அத்தனையையும் யோசித்துச் சொல்லும் பொறுமை எந்த நிபுணருக்கும் இருக்காது.

அதிகம் கவனிக்கப்படாத நுணுக்கம் ஒன்றும் உண்டு. 'பெரிய இறக்கம்' என்பதை 20 சதவீதத்தில் உச்சமும் 10 சதவீதத்தில் முடிவும் கொண்ட செங்கோண முக்கோணமாக வரைந்து, ஈர்ப்பு மைய முறையில், அதாவது அந்த வடிவத்தின் ஈர்ப்பு மையம் விழும் எண்ணை விடையாக எடுத்தால், அந்த விதி மட்டும் முழு அளவில் பொருந்தினாலும் கிடைப்பது ஏறத்தாழ 16.7 சதவீதமே. முழு 20 சதவீதமும் தேவையென்றால் கணத்தை அந்த எல்லைக்கு அப்பாலும் நீட்டி வரைய வேண்டும்.

அடக்க விலைக்குக் கீழே போகாமை, உச்சவரம்பு, ஒரு நாளில் அனுமதிக்கும் மாற்றம் ஆகிய மூன்றையும் ஃபஸி விதிகளிடம் விடக் கூடாது. அவை வெளியே கறாரான தடைகளாக நிற்க வேண்டும். 2011இல் அமேசானில் இரு விற்பனையாளர்களின் நிரல்கள், ஒன்று மற்றதன் விலையை 0.9983ஆலும் மற்றது அதை 1.270589ஆலும் பெருக்கிக்கொண்டே போனதில், ஓர் உயிரியல் நூலின் விலை 2.3 கோடி டாலரைத் தாண்டியது. அங்கே இருந்தது ஃபஸி லாஜிக் அல்ல, வெறும் பெருக்கல்தான். ஆனால் போட்டியாளர் விலையை உள்ளீடாக எடுக்கும் எந்த அமைப்பும், உச்சவரம்பு இல்லையென்றால், இதே சுழலில் சிக்கக்கூடும்.