டாரிஃப்: கட்டணமா, வரியா, தீர்வையா?

"கனடா மீது 25 சதவீதக் கட்டணம்." 2025 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் டிரம்ப் உத்தரவில் கையெழுத்துப் போட்டதிலிருந்து இந்த வாக்கியம் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. இறக்குமதிப் பொருள்களுக்கு அரசு வாங்கும் பணத்தைக் குறிக்கும் 'டாரிஃப்' (tariff) என்ற ஆங்கிலச் சொல்லைத்தான் இப்படித் தமிழாக்குகிறார்கள். கட்டணமாம்! கனடா என்ன டிக்கெட்டா வாங்குகிறது?

டாரிஃப் அரபு வழி வந்த சொல். அங்கே 'தஃரீஃப்' என்றால் தெரியப்படுத்துதல். இந்தியில் பாராட்டைக் குறிக்கும் 'தாரீஃப்' இதற்கு உடன்பிறப்பு. இத்தாலிய மொழியில் நுழைந்து, இன்ன சரக்குக்கு இவ்வளவு என்ற பட்டியலுக்குப் பெயரானது. அப்புறம் அந்தத் தொகைக்கே பெயராகி நின்றுவிட்டது.

பட்டியல் என்ற பழைய பொருள் இன்னும் சாகவில்லை, வம்பே அதில்தான். மின்வாரியத்தின் டாரிஃபும் செல்பேசி நிறுவனத்தின் டாரிஃபும் விலைப்பட்டியல்கள். அங்கே கட்டணம் சரி. ஒன்றைப் பெறுகிறோம், அதற்குக் காசு கட்டுகிறோம். ஆனால் இறக்குமதிக்குப் பணம் வாங்கும் சுங்கத் துறை அதிகாரி யாருக்கும் எதையும் விற்பதில்லை. அகராதியில் முதலில் கிடைத்த பொருளை எடுத்து ஒட்டினால் இப்படித்தான் ஆகும். இயந்திரம் ஒட்டியது என்றால்கூட மன்னிக்கலாம். அதைப் படித்துப் பார்த்து வெளியிட ஓர் ஆள் இருந்திருப்பாரே?

இதன் விளைவு மார்ச்சில் தெரிந்தது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் நியூயார்க், மிச்சிகன், மினசோட்டா மாநிலங்களுக்கு விற்கும் மின்சாரத்துக்கு மார்ச் 10 அன்று 25 சதவீதம் கூடுதலாகப் போட்டது. உருக்கு, அலுமினியத்துக்கு 50 சதவீதம் போடுவேன் என்று டிரம்ப் மிரட்ட, மறுநாளே நிறுத்தி வைத்தது. ஒன்டாரியோ மின்சாரத்துக்குப் போட்டது உண்மையிலேயே கட்டணம்! அந்தச் சொல்லைத்தான் ஏற்கெனவே டாரிஃபுக்குச் செலவழித்துவிட்டோமே. கட்டணத்துக்குப் பயந்து கட்டணத்தை விலக்கினார்கள் என்று எழுதினால் யாருக்கு என்ன புரியும்?

'வரி' இவ்வளவு மோசமில்லை. ஆனால் 'கனடா மீது வரி' என்றதும் கனடா அரசு வாஷிங்டனுக்குப் பணம் அனுப்புவதாகப் பலர் நினைக்கிறார்கள். கியூபெக்கிலிருந்து அலுமினியம் வந்தால், அதைத் தருவிக்கும் அமெரிக்க நிறுவனம்தான் தன் நாட்டுச் சுங்கத் துறையிடம் பணம் கட்ட வேண்டும். விற்கும் கனடாக்காரருக்கு அடி வேறு வகையில் விழும்: ஆர்டர் குறையும், விலையைக் குறை என்று நெருக்குவார்கள். 'மீது' என்ற உருபு ஆங்கிலத்திலிருந்து அப்படியே இறங்கியது. 'கனடாப் பொருள்களுக்கு' என்று எழுதினால் பாதிக் குழப்பம் தீரும்.

தனித்தமிழ் அன்பர்கள் 'உல்கு' என்பார்கள், சுங்கத்துக்குப் பழந்தமிழ்ப் பெயர். அருமையான சொல், "உறுபொருளும் உல்குபொருளும்" என்று குறளிலேயே இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கக்காரர்களைப் பட்டினப்பாலையும் 'உல்கு' என்ற சொல்லோடுதான் காட்டுகிறது. ஆனால் இன்று தலைப்பில் போட்டால் அதற்கே இன்னொரு விளக்கக் கட்டுரை வேண்டியிருக்கும்.

என் ஓட்டு 'தீர்வை'க்கு. தீர் என்ற வினையடியில் பிறந்த சொல். முத்திரைத் தீர்வை, ஆயத்தீர்வை என்று அரசு அலுவலகங்களில் புழங்குகிறது. இலங்கையில் சுங்கம் பற்றிய பேச்சில் சாதாரணமாகவே வரும். இறக்குமதித் தீர்வை என்றால் எங்கே வாங்குகிறார்கள், எதற்கு வாங்குகிறார்கள் என்பது சொல்லிலேயே இருக்கிறது.

இதோடு விட்டார்களா? அடுத்தது 'பரஸ்பர வரி', டிரம்பின் 'ரெசிப்ரோக்கல் டாரிஃப்' (reciprocal tariff) என்பதற்குப் போட்ட தமிழ். பரஸ்பரம் என்றால் இருவரும் ஒருவருக்கொருவர் செய்துகொள்வது. பரஸ்பர அன்பு, பரஸ்பர மரியாதை. வான் பாதுகாப்புக்கு அமெரிக்காவும் கனடாவும் 1958இல் நோராட் ஒப்பந்தம் போட்டு இன்றுவரை ஒரே தலைமையில் வானத்தைக் காவல் காக்கிறார்களே, பரஸ்பரம் என்றால் அது. 2025 ஏப்ரல் 2 அன்று டிரம்ப் வாதிட்டதோ, நீ போட்டாய், நானும் போடுகிறேன் என்று. (அன்று அவர் அறிவித்த நாடுகளின் பட்டியலில் கனடாவும் மெக்சிகோவும் இல்லை.) 'எதிர்த்தீர்வை' என்று சொன்னால் போதும். மார்ச் 4 அன்று 3,000 கோடி கனடிய டாலர் மதிப்புள்ள அமெரிக்கப் பொருள்களுக்குக் கனடா 25 சதவீதம் போட்டதே, அதற்கும் இந்தச் சொல் கச்சிதமாகப் பொருந்தும்.